வளையல் இறுக்குதா? மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வரும் கை வீக்கம்... சிகிச்சையைத் தொடர முடியாமல் போவது ஏன்?

கீமோ முடிந்தாச்சு. ரேடியேஷன் முடிந்தாச்சு. கொட்டிய முடி திரும்ப வளர ஆரம்பிச்சாச்சு. `இனிமே செக்கப்புக்கு மட்டும் வந்தா போதும்மா' என்று டாக்டரும் சொல்லியாச்சு. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடும் நேரத்தில்தான், ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கை மெள்ள கனக்க ஆரம்பிக்கும். மோதிரம் கழற்ற வராது. வளையல் இறுக்கும். ஜாக்கெட்டில் ஒரு கை மட்டும் பிடிக்கும்.

இதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். டாக்டர்கள் `லிம்ஃபெடீமா' என்பார்கள். இதற்கு சிகிச்சை இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் வீக்கம் குறையவும் செய்யும். ஆனாலும், ஆரம்பித்தவர்களில் பலர் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். கைக்கு மாட்டும் ஸ்லீவ், பீரோவில் மடித்த துணியோடு துணியாகக் கிடக்கும்.

உங்க அம்மாவோ, அத்தையோ, அக்காவோ இப்படி விட்டுவிட்டார்களா? `உனக்கு உன் உடம்பு மேல அக்கறையே இல்ல' என்று திட்டுவதற்கு முன்னாடி, ஒரு பத்து நிமிஷம் இதைப் படிச்சிடுங்க. ஒருவேளை அந்த ஸ்லீவ் உங்களுடையது என்றால், இது உங்களுக்கும்தான்.

கைக்குள்ள என்னதான் நடக்குது?

நம் உடம்பில் ரத்தக்குழாய்கள் ஓடுவதுபோல, நிணநீர்க்குழாய்கள் என்று இன்னொரு வலைப்பின்னல் இருக்கிறது. திசுக்களில் தேங்கும் நீர், புரதம், கிருமி ஆகியவற்றைச் சேகரித்து, வடிகட்டி, மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய் சேர்ப்பதுதான் இதன் வேலை. நடுநடுவே வடிகட்டிகள் இருக்கும். தொண்டையில் இன்ஃபெக்‌ஷன் வந்தால் கழுத்தில் `நெறி கட்டியிருக்கு' என்று சொல்வோமே, அதே நெறிகள்தான். அக்குளில் மட்டும் சுமார் 20 முதல் 40 வரை இருக்கும்.

மார்பகப் புற்றுநோய் பரவினால், பெரும்பாலும் முதலில் போய்ச்சேரும் இடம் இந்த அக்குள் நெறிகள்தான். அதனால் ஆபரேஷனில் அவற்றில் சிலவற்றையோ பலவற்றையோ எடுத்துவிடுகிறார்கள். ரேடியேஷனும் அங்கே தழும்பை உண்டாக்கலாம். கையிலிருந்து வரும் நீருக்குப் போகும் வழி குறைந்துவிடுகிறது. கால்வாயை அடைத்தால் வயலில் தண்ணீர் தேங்குமே, அதே கதைதான். தேங்கிய நீரில் புரதம் அதிகம் என்பதால், நாளாக நாளாகத் தோலுக்கு அடியில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்து கை கெட்டியாகிவிடும்.

ஆரம்பத்தில் கையை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். விரலால் அழுத்தினால் குழி விழும். கெட்டியான பிறகு, உயர்த்தி வைத்தாலும் வடியாது. அதனால்தான் இதில் `அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது ஆபத்து.

யாருக்கெல்லாம் வரலாம்?

2013-ல் `லான்செட் ஆன்காலஜி' இதழில், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, மார்பகப் புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் 20 சதவிகிதம் பேருக்கு வந்தது. முதல் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கும் `சென்டினல் நோடு' முறையில் இது 6 சதவிகிதத்துக்கும் கீழே. நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு அந்த எளிய முறை பெரும்பாலும் பொருந்தாது.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருப்பதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பான `குளோபோகேன்' மதிப்பிடுகிறது. ஐந்தில் ஒருவர் என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடங்களில் வரும். ஆனால், பல வருடங்கள் கழித்தும் வரலாம். உடல் எடை அதிகமாக இருந்தாலோ, அந்தக் கையில் இன்ஃபெக்‌ஷன் வந்தாலோ வாய்ப்பு கூடும்.

சிகிச்சை என்பது நாலு வேலை

இதற்கான அடிப்படைச் சிகிச்சையில் நான்கு விஷயங்கள் உண்டு. தோலை மென்மையாக வருடி நிணநீரை நகர்த்தும் மசாஜ், அழுத்தம் கொடுக்கும் கட்டு அல்லது ஸ்லீவ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. அந்த மசாஜை 1930-களில் உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர். பிறகு ஜெர்மனியில் ஃபோல்டி தம்பதி இந்த நான்கையும் இணைத்து ஒரே சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள்.

முதல் கட்டத்தில், சில வாரங்களுக்குக் கிட்டத்தட்ட தினமும் தெரபிஸ்ட்டிடம் போக வேண்டும். கையில் பல அடுக்குக் கட்டு போடுவார்கள். இரவும் பகலும் அது இருக்கும். வீக்கம் குறைந்ததும் இரண்டாம் கட்டம். பகல் முழுக்க ஸ்லீவ், தினமும் மசாஜ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. இதை வீட்டிலேயே செய்யணும். எத்தனை நாளைக்கு? வாழ்நாள் முழுக்க.

சிக்கல் ஆரம்பிப்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

ஏன் விட்டுடுறாங்க?

1. முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை

புற்றுநோய் என்று தெரிந்த நாளில் எல்லோருடைய கவனமும் உயிர் பிழைப்பதில்தான் இருக்கும். `பிற்பாடு கை வீங்கலாம்' என்று டாக்டர் ஒரு வரி சொல்லியிருந்தாலும் மனதில் நிற்காது. வீக்கம் வந்தபிறகு, `உயிரே பொழச்சாச்சு, கை கொஞ்சம் வீங்கினா என்ன?' என்று அவர்களே தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்வார்கள். வீக்கம் என்றதும் `மறுபடியும் வந்துடுச்சோ' என்று பயந்து, அதை வெளியே சொல்லாமல் மறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

2. முடிவே இல்லாத சிகிச்சை

கீமோவுக்கு இத்தனை சைக்கிள், ரேடியேஷனுக்கு இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. காலண்டரில் அடித்துக்கொண்டே வந்தால் ஒருநாள் முடிந்துவிடும். இதற்கு அப்படி ஒரு கடைசித் தேதி கிடையாது. அதைவிடக் கஷ்டம், பலன் கண்ணுக்குத் தெரியாது. தினமும் செய்தால் கை `அப்படியே' இருக்கும். அவ்வளவுதான். இன்னும் மோசமாகாமல் இருப்பதுதான் பலன் என்று புரிந்துகொள்வது யாருக்குமே சுலபமில்லை.

மாத்திரை கேட்டுப் போகிறவர்களும் உண்டு. நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளால் இந்த வீக்கத்துக்குத் தீர்வு கிடைக்காது. தேங்கியிருக்கும் புரதம் அங்கேயேதான் இருக்கும்.

3. சித்திரை வெயிலும் ஸ்லீவும்

தோலோடு தோலாக இறுக்கிப் பிடிக்கும் துணியை, மணிக்கட்டிலிருந்து தோள் வரை மாட்டிக்கொண்டு கத்திரி வெயிலில் அடுப்படியில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வியர்க்கும், அரிக்கும், வேர்க்குரு வரும். பாத்திரம் கழுவினால் நனையும். மாவு பிசைந்தால் ஒட்டும். கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கிறார்கள். ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை. அப்படியே மறுபடி மாட்டாமல் பொழுது போய்விடும்.

4. ஒரு கையால் ஒரு கைக்கு...

பல அடுக்குக் கட்டை உங்கள் கைக்கு நீங்களே, இன்னொரு கையால் போட்டுப் பாருங்கள். அதுவும் விரல் விரலாகச் சுற்றி, மேலே போகப் போக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. பழகினவர்களுக்கே கஷ்டம். இறுக்கமான ஸ்லீவை மேலே இழுப்பதற்கும் நல்ல பலம் வேண்டும். கீமோவுக்குப் பிறகு விரல் மரத்துப்போனவர்களுக்கு, மூட்டுவலி உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். கூட ஒரு ஆள் தேவைப்படுகிற வேலை இது. வீட்டில் எல்லோரும் காலையில் வேலைக்கும் காலேஜுக்கும் ஓடிய பிறகு, அந்த ஆள் யார்?

5. நேரம் யாருடையது?

மசாஜ், பயிற்சி, கட்டு எல்லாம் சேர்ந்தால் தினமும் ஒரு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். காலை ஐந்தரைக்கு எழுந்து, டிபன் கட்டி, தண்ணீர் பிடித்து, தானும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு `தனக்கே தனக்கான' ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? வீட்டு வேலையில் எதையும் குறைக்காமல், கூடுதலாக ஒரு வேலையைத் தலையில் வைத்தால், முதலில் கழன்று விழுவது தன்னைக் கவனித்துக்கொள்ளும் வேலைதான்.

6. பணம், பஸ், தூரம்

தரமான ஸ்லீவ் ஒன்றின் விலை ஆயிரங்களில் இருக்கிறது. துவைத்து மாற்றி மாற்றிப் போட இரண்டு வேண்டும். தொடர்ந்து பயன்படுத்தினால் சுமார் ஆறு மாதத்தில் அதன் இழுவை போய்விடும், புதிது வாங்கணும். இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டுகள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் பல வாரங்கள் தினமும் பஸ் ஏறி வர வேண்டும் என்றால், கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான `மெடிகேர்'கூட இந்த ஸ்லீவுகளுக்குப் பணம் கொடுக்காமல்தான் இருந்தது. 2010-ல் முதன்முறையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு மசோதா, 2022 டிசம்பரில்தான் சட்டமானது. 2024 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. நோயாளிகள் `சோம்பேறிகள்' என்றால் இந்தச் சட்டமே தேவைப்பட்டிருக்காது. ஸ்லீவ் வாங்க முடியாததும் ஒரு காரணம்தான் என்பதை அங்கே ஒப்புக்கொள்ளவே பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

7. ஆளுக்கொரு அட்வைஸ்

`அந்தக் கையால எதையும் தூக்கவே கூடாது' என்பார் ஒருவர். `தினமும் எக்சர்சைஸ் பண்ணணும்' என்பார் இன்னொருவர். ஊரிலிருந்து வரும் பெரியம்மா, எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விட்டால் சரியாகிவிடும் என்பார். எதைக் கேட்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள்.

தெளிவாகத் தெரிந்ததைச் சொல்லிவிடலாம். 2009-ல் `நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வில், கை வீக்கம் இருந்த 141 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேர் ஸ்லீவ் மாட்டிக்கொண்டு, வாரம் இரண்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. இடையில் வீக்கம் திடீரென்று மோசமானவர்கள், பயிற்சி செய்தவர்களில் 14 சதவிகிதம். செய்யாதவர்களில் 29 சதவிகிதம். ஆக, கையை அசைக்காமல் பொத்திப் பொத்தி வைக்கத் தேவையில்லை. ஆனால், தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பிறகு, குறைந்த எடையில் ஆரம்பிக்கணும்.

அழுத்தி உருவுவது வேண்டாம். நிணநீர் மசாஜில் தோல் லேசாக நகர்ந்தால் போதும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண கிரேப் பேண்டேஜும் இதற்கான கட்டு கிடையாது. இதற்கு அதிகம் இழுபடாத தனி வகைத் துணி வேண்டும்.

8. எல்லோர் கண்ணும் கையில்தான்

கல்யாண வீட்டில் அந்த ஸ்லீவைப் பார்த்ததும், `கைக்கு என்னாச்சு? தீப்புண்ணா? எலும்பு முறிவா?' என்று பத்துப் பேர் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல, புற்றுநோய்க் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கணும். சிலர் யானைக்கால் நோயோடு குழப்பிக்கொண்டு, ஒட்டிக்கொள்ளுமோ என்று தள்ளி உட்காருவார்கள். யானைக்கால் கொசு வழியாகப் பரவும் புழுவால் வருவது. அதுவே தொட்டால் ஒட்டாது. இந்தக் கை வீக்கத்தில் கிருமி பரவும் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் இந்தப் பார்வைகளுக்குப் பயந்தே, விசேஷத்துக்குப் போவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், ஸ்லீவைக் கழற்றி வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

9. `ஏன் போடல?' என்ற திட்டு

பத்து நாள் விட்டுப்போய், கை பெருத்துவிடுகிறது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் திட்டுவார்கள் என்ற பயம். அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டையும் தள்ளிப்போடுவார்கள். பத்து நாள் மூன்று மாதமாகிவிடும். மேலே சொன்ன எட்டுக் காரணங்களைவிட இதுதான் பலரை நிரந்தரமாக விட வைக்கிறது என்று தோன்றுகிறது. விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அதை அவர்களிடம் யாராவது சொல்லணும், அவ்வளவுதான்.

நீங்க என்ன செய்யலாம்?

`மறக்காம போடு' என்று சொல்வது உதவி இல்லை. காலையில் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருவது உதவி.

* கட்டுப் போடக் கத்துக்கோங்க: அடுத்த தடவை தெரபிஸ்ட்டிடம் நீங்களும் கூடப் போங்க. அனுமதி கேட்டு, கட்டுப் போடும் முறையை மொபைலில் வீடியோ எடுத்துக்கோங்க. வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருந்தால், ஒருவர் ஊருக்குப் போனாலும் தடைப்படாது.

* ரப்பர் கையுறை டிரிக்: பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்லீவை இழுத்தால் பிடிமானம் கிடைக்கும், துணியும் கிழியாது. எழுந்ததும், வீக்கம் குறைவாக இருக்கும் நேரத்திலேயே மாட்டிவிடுங்க. டாக்டர் தனியாகச் சொல்லாதவரை, பகல் ஸ்லீவைத் தூங்கும்போது போட வேண்டாம்.

* கிரீம் ராத்திரியில்: எண்ணெயும் கிரீமும் ஸ்லீவின் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். கழற்றிய பிறகு இரவில் தடவுங்க. ஸ்லீவை மென்மையான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்க.

* இஞ்ச் டேப், மொபைல் நோட்ஸ்: டெய்லர் டேப்பால் மாதம் ஒருமுறை மணிக்கட்டு, முழங்கைக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே என்று ஒரே இடங்களில் இரண்டு கைகளையும் அளந்து மொபைலில் குறித்து வையுங்க. வித்தியாசம் 2 செ.மீ-யைத் தாண்டினாலோ, கூடிக்கொண்டே போனாலோ டாக்டரைப் பாருங்க. `அப்படியே இருக்கு' என்ற பலன் கண்ணுக்குத் தெரிவதும் இந்தக் குறிப்பில்தான்.

* வேலையைப் பிரிங்க: சூடான பாத்திரம் இறக்குவது, மீன் ஆய்வது, ரோஜாச் செடி வெட்டுவது போன்ற வேலைகளை நீங்க எடுத்துக்கோங்க. தீக்காயம், முள், வெட்டு எல்லாமே இன்ஃபெக்‌ஷனுக்கு வாசல். அந்தக் கையில் மந்திரித்த கயிற்றை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

* கவுன்டரில் கேளுங்க: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை என்றால், பிசியோதெரபி பிரிவில் இதற்கான வசதி உண்டா என்று விசாரியுங்க. முதலமைச்சர் காப்பீடோ தனியார் பாலிசியோ, ஸ்லீவுக்கும் தெரபிக்கும் பணம் வருமா என்று கேட்டு, இல்லை என்றால் எழுத்தில் வாங்கிக்கோங்க.

* ஸ்லீவ் சரியில்லைன்னா சொல்லுங்க: மாட்டியதும் விரல்கள் வீங்கினாலோ, மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். கழற்றிவிட்டு, தெரபிஸ்ட்டிடம் மாற்றிக் கேளுங்க. பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பி.பி பார்க்கலாமா, ஊசி போடலாமா?

பலரையும் பயமுறுத்தும் கேள்வி இது. பாஸ்டன் நகரில் 632 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அந்தக் கையில் ரத்தம் எடுத்தது, ஊசி போட்டது, பி.பி பார்த்தது, விமானத்தில் பறந்தது ஆகியவற்றுக்கும் கை பெருப்பதற்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. இன்ஃபெக்‌ஷனுக்கும் அதிக எடைக்கும் தொடர்பு இருந்தது. முடிந்தால் மறு கையைக் காட்டுங்க. அவசரத்தில் இந்தக் கையில் ஊசி போட்டுவிட்டார்கள் என்றால், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

ஆபரேஷன் பண்ணி சரி செய்ய முடியாதா?

நிணநீர்க்குழாயை நுண்ணோக்கி மூலம் ரத்தக்குழாயோடு இணைப்பது, வேறு இடத்திலிருந்து நெறிகளை எடுத்து வைப்பது போன்ற அறுவை சிகிச்சைகள் வந்திருக்கின்றன. சிலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஏற்றதில்லை. அதற்குப் பிறகும் பலருக்கு ஸ்லீவ் தேவைப்படும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

கை திடீரென்று சிவந்து, சூடாகி, வலித்து, கூடவே காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால் அது இன்ஃபெக்‌ஷனாக இருக்கலாம். அன்றைக்கே போகணும். `நாளைக்குக் காலைல பார்க்கலாம்' என்று தள்ளினால் ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் மசாஜ் செய்யக் கூடாது. கட்டையும் ஸ்லீவையும் கழற்றிவிட்டு, மறுபடி எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேளுங்க. கை திடுதிப்பென்று வேகமாக வீங்கினாலோ, அக்குளிலோ கழுத்திலோ புதிதாகக் கட்டி தெரிந்தாலோ அதையும் உடனே காட்டிவிட வேண்டும்.

கடைசியா ஒண்ணு...

ஏழு நாளும் தவறாமல் செய்ய முடியவில்லை என்றால் நாலு நாள் செய்யட்டும். கட்டு முடியாத அன்றைக்கு ஸ்லீவ் மட்டும் போடட்டும். அதுவும் முடியாத நாளில் பத்து நிமிடப் பயிற்சியாவது போதும். எதைக் குறைக்கலாம், எதைக் கட்டாயம் விடக் கூடாது என்று தெரபிஸ்ட்டிடமே வெளிப்படையாகக் கேட்டு, தன் வீட்டுக்கு ஏற்ற ஒரு திட்டத்தைப் போட்டுக்கொள்வது நல்லது. நூறு மார்க் திட்டத்தைப் போட்டு மூன்றாம் மாதம் விடுவதைவிட, அறுபது மார்க் திட்டத்தை வருடக்கணக்கில் தொடர்வது கைக்கு நல்லது.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், `ஏன் போடல?' என்பதற்குப் பதிலாக, `எது கஷ்டமா இருக்கு?' என்று மட்டும் கேட்டுப் பாருங்க. வர்ற பதில்ல பாதிக்கு மேல, நீங்க நினைச்சா நாளைக்கே சரி பண்ணக்கூடியதா இருக்கும்!